‘ஓகே’ யார் பெத்த பிள்ளை?

ஆபீஸ் சாட்டில் ஒரு நாளைக்கு எத்தனை ‘ஓகே’ பறக்கிறது என்று எண்ணினால் கை விரல் போதாது. ஆனால், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

அமெரிக்காவின் சோக்டாவ் பழங்குடி மக்களின் மொழியிலிருந்து வந்தது என்பது ஒரு கதை. அதிபர் உட்ரோ வில்சனே இதை நம்பினார். கோப்புகளில் ஒப்புதல் தரும்போது இரண்டு எழுத்தோடு நிறுத்தாமல், அந்த மொழிச் சொல்லாகவே எழுதுவாராம். ‘எல்லாம் நலம்’ எனப் பொருள்படும் ‘ஓலா கலா’ என்ற கிரேக்கத் தொடர்தான் மூலம் என்பது இன்னொரு கதை.

இந்தக் குழப்பத்தில் கை வைத்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். பழைய நாளிதழ்களைப் புரட்டி, 1963-64இல் வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார். அவர் கண்ட ஆதாரம்: 1839 மார்ச் 23, ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’. அந்தக் காலத்தில் வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி, அதைச் சுருக்குவது ஒரு ஃபேஷன். ‘ஆல் கரெக்ட்’ என்பதை ‘ஓல் கொரெக்ட்’ ஆக்கினார்கள், சுருக்கினால் ஓ.கே.! இன்றைய ‘எல்ஓஎல்’ மாதிரி, சும்மா ஒரு ஜோக்.

அதே காலத்து மற்ற சுருக்கங்கள் காணாமல் போக, இது மட்டும் பிழைத்ததற்குத் தேர்தலும் ஒரு காரணம். 1840இல் மறுபடி போட்டியிட்ட அதிபர் மார்ட்டின் வான் பியூரன், நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹுக் ஊர்க்காரர். ‘ஓல்ட் கிண்டர்ஹுக்’ என்பது அவரது பட்டப்பெயர். ஆதரவாளர்கள் ‘ஓ.கே. கிளப்’ தொடங்கினார்கள். அவர் தோற்றார், சொல் ஜெயித்தது.

இத்தோடு வழக்கு முடிந்ததா? மேற்கு ஆப்பிரிக்க மொழிகளே மூலம் என்று பிரிட்டன் மொழியியலாளர் டேவிட் டால்பி வாதாடினார். அதைச் சிரித்து ஒதுக்க முடியாது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேச்சை அன்று எந்தப் பத்திரிகை அக்கறையோடு அச்சிட்டது? அச்சில் இல்லை என்பதாலேயே வாயில் இருந்ததில்லை என்று சொல்லிவிட முடியாது.

அதற்காக, இருந்திருக்கலாம் என்பதை இருந்தது என்று சொல்வதும் நியாயமில்லை. இப்போதைக்கு ரீட் காட்டும் ஆதாரமே வலுவானது. அதைவிடப் பழைய ஆதாரம் கிடைத்தால் தீர்ப்பை மாற்றிக்கொள்வதுதான் முறை. அடுத்த முறை வாட்ஸ்அப்பில் ஒரு சொல்லின் ‘உண்மைக் கதை’ வந்தால், ஃபார்வர்டு செய்யும் முன் ஒரே ஒரு கேள்வி போதும்: முதலில் எங்கே, எந்த வருஷம் அச்சானது? பதில் இல்லையென்றால், அது கதை மட்டுமே.