மடிப்பு மின்சார சைக்கிளில் முதலில் திருத்த வேண்டியது எது?

மலிவு விலையில் மடிப்பு மின்சார சைக்கிள் ஒன்றை வாங்கியவர், ஓரிரு திங்களில் அதன் வேகம் போதாதென்று எண்ணத் தொடங்குவது இயல்பே. கொல்கத்தாவின் சாந்தினி சந்தைப் பகுதியில் மின்சார உறுப்புகளுக்குப் பஞ்சமில்லை. 36 வோல்ட் பாட்டரியைக் கழற்றிவிட்டு 48 வோல்ட் பாட்டரியைப் பூட்டுவது அரை நாள் வேலை. ஆயினும், இது தவறான இடத்தில் தொடங்கும் சீர்திருத்தம் என்பது எனது கருத்து. இந்நகரில் இவ்வாகனத்துக்குக் குறைவாயிருப்பது சக்தியன்று. தடையின்றி உருளும் தன்மையும், வேண்டியபோது நிற்கும் திறனுமே ஆகும்.

கொல்கத்தா ஆற்று வண்டல் படிந்த சமநிலம். மேடு என்று சொல்லத்தக்கவை பாலங்களின் ஏற்றங்களே. ஆகையால் மோட்டார் வெல்ல வேண்டிய எதிர்ப்புகள் இரண்டுதான்: டயர் தரையில் உருளும்போது ஏற்படும் தடை ஒன்று, காற்றின் தடை மற்றொன்று. ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 95 கிலோகிராம் என்று கொள்வோம். காற்றுச் சரியாக நிரப்பிய டயருடன் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல ஏறத்தாழ 110 வாட் போதும். 25 கிலோமீட்டருக்கு 180 வாட். 35 கிலோமீட்டருக்கோ 400 வாட் தேவைப்படுகிறது. காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுவதே இதன் காரணம். 36 வோல்ட், 7.5 ஆம்பியர்-மணி கொண்ட பாட்டரியில் 270 வாட்-மணி ஆற்றல் உண்டு. மோட்டாரிலும் கம்பிகளிலும் கால் பங்கு வீணாவதாகக் கொண்டால், இடையில் நிற்காமல் 20 கிலோமீட்டர் வேகத்தில் 36 கிலோமீட்டர் தூரம் போகலாம். 35 கிலோமீட்டர் வேகத்தில் 17 கிலோமீட்டர்தான் போகலாம். வேகத்தை விலைக்கு வாங்கியவர் தூரத்தை விற்றுவிடுகிறார்!

வோல்ட் அளவை உயர்த்துவதில் வேறு இடர்களும் உள்ளன. 48 வோல்ட் எனப்படும் லித்தியம் பாட்டரி முழுதும் மின்னேற்றப்பட்ட நிலையில் 54.6 வோல்ட் காட்டும். மலிவான கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கி 50 வோல்ட்டுக்கு மட்டுமே தகுதியுடையதாயின், அது வெடித்துவிடக்கூடும். சிலர் பெட்டியைத் திறந்து, மின்னோட்டத்தை அளக்கும் கம்பியில் ஈயம் பூசி, 14 ஆம்பியரை 20 ஆம்பியராக்குகின்றனர். மோட்டார்ச் சுருளில் உண்டாகும் உஷ்ணம் மின்னோட்டத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஆதலால் அது இரட்டிப்பாகிறது. அதே விதியே ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலுக்கும் பொருந்தும். 25-இலிருந்து 35 கிலோமீட்டருக்கு வேகம் உயர்ந்தால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ இருமடங்காகும். உலர்ந்த சாலையில் 6 மீட்டரில் நின்ற வண்டி இப்போது 12 மீட்டர் கேட்கும்; மழையில் அதற்கும் மேல். நடுவில் மடியும் சட்டத்தின் கீலும் தாழ்ப்பாளும் இந்த அதிர்ச்சியை நாள்தோறும் தாங்க வேண்டியவை என்பதையும் மறத்தலாகாது.

ஆதலின் முதல் ரூபாயைப் பிரேக்குக்கே செலவிடுக. இழுபட்டுத் தளர்ந்த கம்பியையும் தேய்ந்த கட்டைகளையும் மாற்றுதல் மலிவான வேலை. பிடியை அழுத்தியவுடன் மோட்டாருக்கு மின்சாரம் நின்றுவிடுகிறதா என்பதைப் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துச் சோதித்தல் வேண்டும். பல வண்டிகளில் அந்தச் சிறு ஸ்விட்ச் பழுதாகியிருந்தும் ஒருவரும் கவனிப்பதில்லை.

அடுத்தது டயர். ஆசிரியர்கள் இதனை வகுப்பு மாணவர்களைக் கொண்டே அளந்து காட்டலாம். மேற்கு வங்க அரசின் 'சபுஜ் சாத்தி' திட்டத்தின்கீழ் 2015 முதல் ஒன்பதாம் வகுப்பிலும் அதற்கு மேலும் பயிலும் மாணவர்கள் சைக்கிள் பெற்று வந்திருப்பதால், சோதனைக்கு வண்டி தேட வேண்டியதில்லை. சமதளமான கூடத்தில் ஒருவரை ஏற்றி, வண்டியை ஒரு சுருள்வில் தராசினால் மெல்ல, ஒரே சீராக இழுக்கவும். மொத்த எடை 95 கிலோகிராமாயின், நன்கு காற்றடித்த டயரில் முள் ஏறத்தாழ 1 கிலோகிராம் காட்டும். காற்றுக் குறைந்தால் ஒன்றரை வரை போகும். இவ்வொரு குறை மட்டுமே 20 கிலோமீட்டர் வேகத்தில் பாட்டரியின் செலவைக் கால் பங்குக்குச் சற்றே குறைவாக உயர்த்திவிடுகிறது. காற்றடிக்கும் பம்பைவிட மலிவான 'சக்தி பெருக்கி' எனக்குத் தெரிந்தவரை இல்லை. டயரை மாற்றுவதாயின் சட்டத்தில் இடமுள்ள வரை அகன்றதையே வாங்குக. சிறிய சக்கரம் குழியில் ஆழமாக இறங்கும். டிராம் தண்டவாளங்கள் இன்னும் கிடக்கும் வீதிகளிலோ குறுகிய டயர் தண்டவாளப் பள்ளத்தில் சிக்கி ஆளைக் கவிழ்த்துவிடும். தண்டவாளத்தைக் கூடியவரை செங்கோணமாகவே கடத்தல் வேண்டும்.

மழைக்காலத்தைத் தனியே கூற வேண்டும். 16 அங்குலச் சக்கரத்தின் அச்சு தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில்தான் உள்ளது, தண்தனியா போன்ற பகுதிகளில் தேங்கும் நீர் எளிதில் அதற்கு மேல் ஏறும். மோட்டாருக்குள் நீர் பெரும்பாலும் அச்சின் வழியே செல்லும் கம்பியைப் பற்றிக்கொண்டே நுழைகிறது. கம்பி சற்றுத் தாழத் தொங்கிப் பின் மேலேறி அச்சுக்குள் போகுமாறு கட்டினால், மழைத்துளி அவ்வளைவிலேயே சொட்டிவிடும். தேங்கிய நீரில் மூழ்குவதற்கு இது பரிகாரமன்று; அங்கே இறங்கித் தள்ளுவதே நலம்.

இனிச் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 0.25 கிலோவாட் சக்தி, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் என்னும் வரம்புகளுக்குள் இருந்து, உரிய சோதனையில் தேறிய மின்சார சைக்கிள் மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. வரம்பு மீறினால் பதிவும் ஓட்டுநர் உரிமமும் காப்பீடும் தேவைப்படும். விபத்து நேர்ந்தால் ஓட்டியவர் பொறுப்பேற்க நேரிடலாம். இது தனிமனிதர் விவகாரம் மட்டுமன்று. 2013இல் கொல்கத்தாவின் 170க்கு மேற்பட்ட வீதிகளில் சைக்கிளுக்குத் தடை விதிக்கப்பட்டது. 2020இல் பெருந்தொற்றின்போது அத்தடை பல இடங்களில் தளர்த்தப்பட்டது. பால்காரரும் செய்தித்தாள் போடுபவரும் பிழைப்புக்கு நம்பியிருக்கும் அந்த உரிமை இன்றும் உறுதியானதன்று. சைக்கிள் என்ற பெயரில் 35 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் வண்டிகள் பெருகினால், தடையை விரும்புவோர்க்கு நாமே வாதத்தை எடுத்துக் கொடுத்தவர்களாவோம்.

இவையெல்லாம் முடிந்த பின்னும் பணம் எஞ்சினால், பாட்டரியை மாற்றலாம். வோல்ட் அதே 36 இருக்கட்டும், ஆம்பியர்-மணி மட்டும் கூடட்டும். பழைய பாட்டரியோடு புதியதை இணைத்துப் பூட்டுதல் கூடாது. பாதுகாப்புச் சுற்று இல்லாத உதிரிக் கலங்களை, எவ்வளவு மலிவாயினும், வீட்டுக்குள் கொண்டுவருதல் கூடாது. 2025 செப்டம்பரில் நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது மின்சாரம் தாக்கிப் பலர் மாண்டனர். 36 வோல்ட் அவ்வகையில் உயிரைக் கொல்வதன்று. ஆனால் மின்னேற்றியின் மறுமுனை 230 வோல்ட்டில் இருக்கிறது. மடிப்பு சைக்கிளின் சிறப்பே அதை மாடிக்குத் தூக்கிச் செல்லலாம் என்பதுதான். மழைக்காலத்தில் அங்கேயே மின்னேற்றுங்கள்.