340 அறைகளும் ஒரு ஜீப்பும்

பேத்தி சிறுவர் புத்தகம் ஒன்றை நீட்டி, "தாத்தா, ஜனாதிபதி வீட்டுல 340 ரூமாம்! அத்தனையும் அவங்க குடும்பத்துக்கா?" என்றாள். புத்தகத்தில் தோட்டமும் தூண்களும் அழகாக இருந்தன. இதற்குப் பதில் இல்லை.

நான் சொன்னேன்: 1948-இல் குடிபுகுந்த ராஜாஜி, வைஸ்ராயின் பெரிய அறைகளை விட்டுச் சிறிய அறைகளில்தான் இருந்தார். 2006-இல் அப்துல் கலாமின் உறவினர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் வந்து ஒரு வாரம் தங்கினார்கள். டீச் செலவு உட்படக் கணக்குப் பார்த்து, சுமார் மூன்றரை லட்சம் ரூபாயைத் தம் பணத்தில் கட்டினார் கலாம்.

"அப்பாவை ஆபீஸ் ஜீப்புலதானே ஸ்கூலுக்கு அனுப்பினீங்க? நீங்க காசு கட்டினீங்களா?" என்றாள். வாயடைத்துப் போனேன். கட்டவில்லை.

பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்கும் ஓட்டுப் போடுகிறவர்கள் உள்ள ஊர் எங்கள் காரைக்கால். டெல்லி மாளிகையோ, பாரீஸின் எலிசே மாளிகையோ, குழந்தைகளுக்கு எழுதுகிறவர்கள் அறைகளை எண்ணுவதோடு நிறுத்த வேண்டாம். அங்கே குடியிருந்த குடும்பத்தின் செலவு யார் கணக்கில் போனது என்று ஒரு பக்கமாவது எழுதுங்கள். என்னைப் போன்ற தாத்தாக்களுக்குச் சங்கடமாக இருந்தாலும் பரவாயில்லை.