கணிதப் பெட்டி யாருக்காகத் திறக்கிறது?

2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், 2025ஆம் ஆண்டுக்குள் எட்டு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தையும் பொருள் உணர்ந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்று இலக்கு வகுத்தது. அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளும், பாடலும் செயல்பாடும், கையில் எடுத்துப் பயிலும் பொருள்களும் அதன் அடித்தளம். காலக்கெடு முடிந்த நிலையில், சராசரி விழுக்காடுகளைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறோம். எந்தக் குழந்தைகள் இன்னும் வெளியே நிற்கிறார்கள் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

தென்காசி மாவட்டத்தின் கீழப்பாவூர் ஒன்றியத்தை எடுத்துக்கொள்வோம். வயல் கூலியும் பாவூர்சத்திரம் சந்தைச் சுமைப்பணியும் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றுவதும் இங்கு எண்ணற்ற குடும்பங்களின் வாழ்வாதாரம். பீடி சுற்றும் தாய் நாள் முழுவதும் எண்ணிக்கொண்டே இருக்கிறார். ஆயிரத்திற்கு இவ்வளவு என்பது கூலி. கழித்து ஒதுக்கப்பட்டவை போக மிஞ்சுவதே வருமானம். ஆனால் அந்தக் கணக்கு எழுதப்படும் நோட்டு அவர் கையில் இல்லை. மாலையில் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைச் சொல்லித்தர அவருக்கு நேரமும் இல்லை. தனிப்பயிற்சிக்குப் பணமும் இல்லை. வாய்பாட்டை வீட்டில் ஒப்பிக்க வைக்கும் பெற்றோரை நம்பி நடக்கும் கணித வகுப்பு, முதல் தலைமுறை மாணவரைத் தொடக்கத்திலேயே பின்னுக்குத் தள்ளுகிறது.

இந்தப் பிளவு புதிதன்று. காலனியத்துக்கு முந்தைய தமிழகக் கணித மரபை ஆராய்ந்த வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு, திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடிப் பயிற்சியோடு உழைப்பாளர்களின் அளத்தல் அறிவையும் சேர்த்தே கவனப்படுத்துகிறார். நிலத்தில் கோல் பிடித்தவர்களும் நெல்லை மரக்காலால் அளந்தவர்களும் உழைக்கும் சாதியினர். கணக்கை ஓலையில் எழுதியவர் கணக்குப்பிள்ளை. அறிவு கையில் இருந்தது. அதிகாரம் எழுத்தில் இருந்தது. 1894இல் சென்னையில் கர்னல் ஆல்காட் தலித் குழந்தைகளுக்காக இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அவ்வகைப் பள்ளிகளில் பணியாற்றிய கோர்ட்ரைட் அம்மையார் அங்குக் கற்பித்த முறையை விளக்கி 1906இல் நூலே எழுதினார். எனவே நல்ல கற்பித்தல் முறை தலித் குழந்தைகளுக்குக் கடைசியாக வந்து சேர வேண்டிய சலுகை என்பது வரலாற்றுக்கும் பொருந்தாது.

பொருள்கள் உண்மையில் என்ன செய்கின்றன? 43இலிருந்து 18ஐக் கழிக்க வேண்டும். ‘மூன்றிலிருந்து எட்டு போகாது, பக்கத்தில் கடன் வாங்கு’ என்கிறது மனப்பாட முறை. ஏன் வாங்குகிறோம், எப்போது திருப்பித் தருவோம் என்று குழந்தை கேட்டால் பதில் கிடையாது. பத்துப் பத்தாகக் கட்டிய நான்கு குச்சிக் கட்டுகளும் மூன்று உதிரிக் குச்சிகளும் கையில் இருந்தால், குழந்தை ஒரு கட்டை அவிழ்க்கும். உதிரி பதின்மூன்றாகும். அதில் எட்டையும், மீதமுள்ள மூன்று கட்டுகளில் ஒன்றையும் எடுத்தால் எஞ்சுவது 25. கடன் யாரிடமும் வாங்கவில்லை. தன் கட்டைத் தானே பிரித்தது. விதிக்கு ஆசிரியரின் சொல்லை மட்டும் நம்பாமல், தானே சரிபார்க்கும் ஆற்றலை அக்குழந்தை பெறுகிறது. நாளை கூலி நோட்டைச் சரிபார்க்கப் போவதும் அந்த ஆற்றல்தான். இதனாலேயே இது வெறும் கற்பித்தல் உத்தி அல்ல, உரிமைப் பிரச்சினை.

குச்சிகள் இருந்தால் மட்டும் போதாது. பொருளைத் தொட்டுப் பகிர்ந்து கற்கும் வகுப்பறை, தீண்டாமை இல்லாத வகுப்பறையாக இருந்தாக வேண்டும். 2022 செப்டம்பரில் இதே மாவட்டத்தின் பாஞ்சாகுளத்தில், காசோடு கடைக்கு வந்த தலித் பள்ளிக் குழந்தைகளுக்கு ஊர்க் கட்டுப்பாட்டைக் காட்டித் தின்பண்டம் மறுக்கப்பட்டதைத் தமிழகமே பார்த்தது. பாடநூலின் கடைக் கணக்கில் எல்லாக் குழந்தைகளும் பொருள் வாங்கிச் சில்லறை பெறுகிறார்கள். அந்தக் குழந்தைகளுக்கு அது பொய்க் கணக்கு. நாங்குநேரி மாணவர் தாக்குதலைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்களை அகர வரிசையில் அமர்த்தப் பரிந்துரைத்தது. தொடக்கப்பள்ளியில் இருக்கையோடு நின்றுவிடாமல், செயல்பாட்டுக் குழுக்களுக்கும் அந்த நெறி பொருந்த வேண்டும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, செயல்பாடு, கண்டறிதல் வழியே கற்றலை வலியுறுத்துகிறது. அதன் அட்டவணை, ஒவ்வொரு வகுப்புக்கும் கற்றல் உபகரணங்களும் விளையாட்டுப் பொருள்களும் தேவைக்கேற்ப வழங்கப்பட வேண்டும் என்கிறது. 21ஆம் பிரிவின்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்; பின்தங்கிய நிலையில் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம்; பாதிப்பேர் பெண்கள்.

கீழப்பாவூர் ஒன்றியத்தின் சேரிப் பெற்றோர் அக்குழுக் கூட்டத்தில் சில எளிய கேள்விகளைக் கேட்கலாம். கணித உபகரணப் பெட்டி அலமாரியில் பூட்டியிருக்கிறதா, வகுப்பில் திறந்திருக்கிறதா? ஆணிமணிச் சட்டத்தை ஆசிரியர் மட்டும் காட்டுகிறாரா, ஒவ்வொரு குழந்தையும் தொடுகிறதா? தொலைந்த மணிகளுக்கு மாற்று வந்ததா? பல வகுப்புகளை ஒரே ஆசிரியர் சேர்த்து நடத்துகிறாரா? குழுத் தலைமை சுழற்சியில் எல்லோருக்கும் வருகிறதா? இவற்றை எழுப்ப அப்பகுதிக் கல்லூரி மாணவர்கள் துணை நிற்க முடியும்.

பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் தமிழகம் கையெழுத்திடாததைக் காட்டி, 2024–25ஆம் ஆண்டுக்கான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது கண்டனத்திற்குரியது. ஆனால் புளியங்கொட்டைக்கும் குச்சிக்கும் தில்லியின் அனுமதி தேவையில்லை. அவை ஒடுக்கப்பட்ட குழந்தையின் கைக்கு வந்து சேர்வதை உறுதிசெய்யும் பொறுப்பு மாநில அரசுக்கும் ஊருக்கும் உரியது.