நாற்றுப் பாட்டும் நமது கூத்தும்

சீனத்தில் சந்திரப் புத்தாண்டு பிறந்ததும் வடபகுதிக் கிராமங்களில் முரசும் தாளமும் முழங்கும். குடியானவர்கள் வண்ணத் துணியை வீசிக்கொண்டு வீதி வீதியாக ஆடிப் பாடுவார்கள். அந்த ஆட்டத்தின் பெயர் யாங்கே. ‘யாங்’ என்றால் நாற்று. ‘கே’ என்றால் பாட்டு. சேற்றில் குனிந்து நாற்று நடும் நமது பெண்கள் பாடுகிறார்களே, அதற்கு உறவான பாட்டுத்தான் அது!

ஷென்ஸி மாகாணத்தில் குடை பிடித்த ஒருவர் முன்னே நின்று, சமயத்துக்கு ஏற்ப அடி கட்டிப் பாடுவார்; பின்னால் வருபவர்கள் வாங்கிப் பாடுவார்கள். நமது தெருக்கூத்தின் கட்டியக்காரன் இதைக் கண்டால், ‘இவன் நம்ம பங்காளி’ என்று சொல்லிவிடுவான்.

இந்த ஆட்டத்தைப் பாமரர் கேளிக்கை என்று படித்தவர்கள் ஒதுக்கினார்கள். 1942 மே மாதம் யெனான் கலை இலக்கியக் கூட்டத்தில், கலைஞன் உழைப்பாளியிடம் சென்று கற்க வேண்டும் என்றார் மாவோ. மறு ஆண்டுப் புத்தாண்டிலேயே லூ சுன் கலைக்கூடத்தார் யாங்கே மெட்டில் ஒரு சிறு நாடகம் ஆடினார்கள். அண்ணனும் தங்கையும் தரிசு நிலத்தைத் திருத்துவதே கதை. கோமிண்டாங் முற்றுகையில் தானியத்துக்குத் தவித்த பிரதேசம் அது. மக்கள் தங்கள் வாழ்வையே மேடையில் கண்டார்கள்.

ஆனால் அதே நாட்டில், 1966-ல் தொடங்கிய கலாசாரப் புரட்சியின்போது பழைய கலைகள் பலவும் ‘பழமை’ என்று ஒதுக்கப்பட்டன. மக்களிடம் கற்பதை நிறுத்தி, அவர்கள் கலைக்குத் தடை போட்டது தவறு. அந்தப் பாடமும் நமக்கு வேண்டும்.

தோழர்களே, நமது தருமபுரியைப் பாருங்கள். திரௌபதியம்மன் விழாவில் விடிய விடிய பாரதக் கூத்து நடக்கிறது. இரவெல்லாம் துரியோதனனாக முடி சூடி நிற்பவன், பொழுது விடிந்தால் மண்வெட்டி எடுக்கும் கூலிக்காரன். மழை பொய்த்தால் அவன் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போகிறான். கூத்துக் களம் வெறிச்சோடுகிறது.

‘புராணக் கூத்து நமக்கெதற்கு?’ என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அது சரியல்ல. சூதாட்டத்தில் நாடு பறிபோன கதை, நிலம் பறிகொடுத்தவனுக்குப் புரியாதா? அதற்காகத் துரியோதனன் வாயில் நமது கோஷத்தைத் திணிப்பதும் சரியல்ல. ஊர் அநியாயத்தை நையாண்டி செய்யக் கட்டியக்காரனுக்கு என்றுமே உரிமை உண்டு. அந்த உரிமையைக் காப்பதே நமது வேலை.

புதுக் கதையும் வேண்டும். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்கு வ.உ.சி.யோடு தோள் கொடுத்தவர் சுப்பிரமணிய சிவா. சிறையில் நோய்ப்பட்டு, 1925-ல் அவர் கண்மூடியது நமது பாப்பாரப்பட்டியில்தான். மில் தொழிலாளியையும் மானாவாரிக் குடியானவனையும் ஒரே மேடையில் இணைக்கும் இந்தக் கதையை நமது கூத்தர்கள் ஆடட்டும்.

சங்க மாநாடுகளுக்குக் கூத்துக் குழுக்களை அழைப்போம். பேசிய கூலியை விடிந்தவுடன் கையில் கொடுப்போம். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் அவர்கள் பதிவு பெறத் துணை நிற்போம். பறையடிப்பவனை வாசலுக்கு வெளியே நிறுத்தும் ஊர்க் கட்டுப்பாட்டை எதிர்ப்போம். ஆடுபவன் பட்டினி கிடக்க, அவன் கலையை மட்டும் போற்றுவது பண்ணையார் வழக்கம். அது நமது வழக்கமல்ல!