கொண்டலும் மேல்காற்றும்

1883 செப்டம்பரில் சில நாட்கள், காலையும் மாலையும் சென்னையில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. ஆகஸ்ட் 27 அன்று வெடித்துச் சிதறிய கிரகட்டோவா எரிமலையின் தூசி செய்த வேலை அது. வானில் வெகு உயரம் ஏறிய அந்தத் தூசி, கிழக்கிலிருந்து மேற்காக ஓடி இரண்டே வாரத்தில் பூமியைச் சுற்றி வந்துவிட்டது. ஆக, நிலநடுக்கோட்டுக்கு மேலே, வானுயரத்தில் வீசுவது கிழக்கிலிருந்து வரும் கொண்டல் என்று முடிவுகட்டினார்கள்.

1908இல் வானிலை ஆய்வாளர் ஆர்தர் பெர்சன் ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரிப் பக்கம் பலூன்களைப் பறக்கவிட்டார். அங்கே வீசியது மேற்கிலிருந்து வரும் மேல்காற்று! கொண்டல் ஓர் உயரத்தில், மேல்காற்று வேறோர் உயரத்தில் என்று சமாதானம் சொல்லியே ஐம்பது ஆண்டுகளை ஓட்டினார்கள். பாடநூலில் ஏறிவிட்ட சமாதானத்துக்கு ஆயுள் கெட்டி.

முடிச்சை அவிழ்த்தது மேதைமை அல்ல, பசிபிக் தீவுகளில் பேர் தெரியாத ஊழியர்கள் நாள் தவறாமல் விட்ட பலூன்களின் கணக்கு. அமெரிக்காவில் ரீடும் பிரிட்டனில் எப்டனும் 1960ஐ ஒட்டி அதைத் தனித்தனியே புரட்டினார்கள். ஒரே உயரத்தில் ஓராண்டுபோல் கொண்டல், பிறகு ஓராண்டுபோல் மேல்காற்று. முழுச் சுற்றுக்குச் சுமார் 28 மாதம். திசைமாற்றம் 30 கிலோமீட்டருக்கும் மேலே தொடங்கி, மாதத்துக்கு ஒரு கிலோமீட்டராக இறங்கி வந்தது.

மேலிருந்து இறங்குவதால் காரணமும் மேலேதான் என்று யாருக்கும் தோன்றும். அடியில் தேடச் சொன்னார்கள் லிண்ட்சனும் ஹோல்டனும், 1968இல். வெப்பமண்டல இடிமேகங்கள் பொங்கும்போது காற்றில் அலைகள் எழுந்து மேலே பரவுகின்றன. தன் வேகத்திலேயே ஓடும் காற்றை எட்டும் அலை அதற்கு மேல் போக முடியாமல் அங்கேயே அழிகிறது. அழியும்போது தன் உந்துவிசையை அந்த இடத்தில் இறக்கிவிடுகிறது. அதனால் காற்றின் எல்லை அலையை நோக்கிக் கீழே நகர்கிறது. எதிர்த்திசை அலைகளோ தடையின்றி மேலேறி, அடுத்த திருப்பத்துக்கு வித்திடுகின்றன. (கிழக்குக்கும் அடிக்கும் ‘கீழ்’ என்ற ஒரே சொல்லை வைத்த தமிழில் இதை எழுதுவது கொஞ்சம் சோதனைதான்.)

நம்பாதவர்களுக்காக 1978இல் பிளம்பும் மெக்யூவனும் வளையத் தொட்டி ஒன்றில் உப்புநீரை அடுக்கடுக்காக நிரப்பினார்கள். அடியிலுள்ள சவ்வை மேலும் கீழும் அசைத்தார்கள், அவ்வளவே. பக்கவாட்டில் யாரும் தள்ளாமலே தண்ணீர் சுற்ற ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கழித்து, எதிர்த்திசையில் சுற்றியது.

வானில் ஓடும் இந்த 28 மாதக் கடிகாரம் 2016 தொடக்கத்தில் தடுமாறியது. சுமார் 23 கிலோமீட்டர் உயரத்தில், மேல்காற்றின் நடுவே திடீரென்று கொண்டல் முளைத்தது. வடகோளத்தின் குளிர்காலத்தில், கீழ் வளிமண்டலத்திலிருந்து கிளம்பி நிலநடுக்கோடு வரை வந்த அலைகளின் கைவரிசை. அறுபது ஆண்டுக்கும் மேலான பதிவில் அப்படியொன்று அதற்குமுன் நடந்ததே இல்லை. நான்கே ஆண்டில் மறுபடி நடந்தது.