பட்டுப் புடவையும் பிஸ்டலும்

ஹூஸ்டனில் இருக்கும் என் தங்கை போனில் அழாத குறையாகச் சொன்னாள்: "அண்ணா, என் பட்டுப் புடவையெல்லாம் சூட்கேஸுக்குப் போயிடுச்சு. அந்த எடத்துல இவர் துப்பாக்கி வெக்கப் போறாராம்!"

போன வருஷம் 3 வாரம் லீவு போட்டு நான் அங்கே போய் இறங்கியபோது, திருப்பணி ஆரம்பமாகியிருந்தது.

மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. சாஃப்ட்வேர்காரர். கரப்பான் பூச்சி குறுக்கே வந்தால் அது போகும்வரை நின்று வழிவிடுவார். அவர் கையில் பிஸ்டலா?

"தெருவுல ரெண்டு வீட்ல திருட்டு, மச்சான். எனக்குப் பொண்டாட்டி புள்ளை இருக்குல்ல?" என்றார்.

எச்-1பி விசாவில் இருந்தவரை அந்த ஆசைக்கு வழியில்லை. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் தவிர, அந்த விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள அமெரிக்கச் சட்டம் விடாது. கிரீன் கார்டு வந்த கையோடு கடைக்குப் போய்விட்டார். கைத்துப்பாக்கி விற்கும் கடைக்காரர் கூடவே ஒரு பூட்டும் தரவேண்டும் என்று 2005-ல் சட்டம் வந்திருக்கிறது. மாப்பிள்ளைக்குக் கிடைத்த பூட்டு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் டப்பாவிலேயே கிடந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே 'க்ளாசட்' என்பது நம்மூர் சுவர் அலமாரி அல்ல. கதவு போட்ட குட்டி அறை. சென்னையில் அந்த அளவு இடம் கிடைத்தால் 'ஸ்டடி ரூம்' என்று சொல்லி விற்றுவிடுவார்கள். மாப்பிள்ளை சுவரைத் தட்டிக் காட்டினார். தொம் தொம் என்றது. செங்கல்லே கிடையாது! 16 அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம் நட்டு, இரண்டு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் அட்டை. அவ்வளவுதான் சுவர்.

"கதவுக்கு எவ்வளவு பெரிய பூட்டு போட்டாலும் திருடன் பக்கத்துச் சுவரை அறுத்துட்டு உள்ள வந்துடுவான், மச்சான்."

எனவே உள்பக்கம் முழுக்க முக்கால் அங்குல ப்ளைவுட் அடித்தோம். 'தோம்' என்பது மரியாதைப் பன்மை. நான் ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தேன். உள்ளே வெறும் காற்று நிரம்பிய பழைய கதவு போய், கனமான கதவு வந்தது. க்ளாசட் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பதால் கீல் ஆணிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆணியைத் தட்டிக் கழற்றினால் பூட்டு பூட்டினபடியே இருக்க, கதவு மட்டும் கையோடு வரும். அதற்குக் கழற்ற முடியாத கீல். தாழ்ப்பாள் தகட்டுக்கு 3 அங்குல ஸ்க்ரூ, உள்ளே மரச்சட்டம்வரை போய்ப் பிடிக்கிற மாதிரி.

பெட்டகத்தைத் தரையோடு முடுக்கலாம் என்று நான் டிரில்லைத் தூக்கியதும் மாப்பிள்ளை அலறினார். அந்தப் பக்கத்துப் புது வீடுகள் பலவற்றில் அடித்தளக் கான்க்ரீட்டுக்குள் இழுத்து முறுக்கின எஃகு வடங்கள் ஓடுகின்றன. ஒன்று அறுந்தால் தரை பெயரும், ஆளுக்கும் ஆபத்து. சுவர்ச் சட்டத்தோடு முடுக்கினோம். ஹூஸ்டன் காற்றின் ஈரத்துக்கு இரும்பு துருப்பிடிக்கும் என்று உள்ளே சிலிக்கா ஜெல் டப்பா வேறு.

பெட்டகம் பார்க்க பாங்க் லாக்கர் மாதிரி கம்பீரமாக இருந்தது. ஆனால் வீடுகளுக்கு விற்பவற்றில் பெரும்பாலானவை சாதாரணக் கைக்கருவிகளை 5 நிமிஷம் தாக்குப்பிடித்தால் போதும், சான்றிதழ் உண்டு.

"5 நிமிஷம்தானா?"

"அதுக்குள்ள போலீஸ் வந்துடும், மச்சான்."

எல்லாம் முடிந்த சாயங்காலம் திறப்பு விழா. தங்கை, நான், சுண்டல். மாப்பிள்ளை நம்பர் பலகையை அழுத்தினார். பீப் என்று சிவப்பு விளக்கு. மறுபடி. மறுபடி சிவப்பு. பதற்றத்தில் விரல் நழுவுகிறது போலிருக்கிறது.

சுண்டலுக்காக வந்த 9 வயது மருமகன் எட்டிப் பார்த்தான். "அப்பா, லாஸ்ட்ல ரெண்டு வாட்டி சிக்ஸ் அடிக்கிறீங்க. கராஜ் நம்பர்தானே?" என்றவன், சாவகாசமாக 4 எண்களைத் தட்டினான்.

பச்சை விளக்கு. கதவு திறந்துகொண்டது.

5 நிமிஷப் பெட்டகம், 5 விநாடி.

ஸ்கூல் விட்டு வந்து தினமும் கராஜ் கதவைத் திறப்பவன் அவன்தான். ஆபீஸில் ஒரே பாஸ்வேர்டை எல்லாவற்றுக்கும் வைக்கும் பழக்கம் மாப்பிள்ளைக்கு வீட்டிலும்.

தங்கை பையனை மெதுவாகத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"உள்ள குண்டு போட்டிருக்கா?"

மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. அப்புறம் எச்சில் விழுங்கிக்கொண்டு, "திருடன் வர்றப்ப குண்டு தேடிக்கிட்டு நிக்க முடியுமா..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமலே உட்கார்ந்துவிட்டார். சுண்டலை யாரும் தொடவில்லை.

அன்றிரவு ஜெட்லாக் மேல் பழியைப் போட்டுவிட்டு இணையத்தில் மேய்ந்தேன். 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை கையில் சுடத் தயாரான துப்பாக்கி கிடைக்கும்படி அஜாக்கிரதையாக வைத்தால் பெரியவர்மேல் வழக்கு என்று டெக்சாஸில் 1995-லேயே சட்டம் வந்துவிட்டது. அமெரிக்காவில் 1 முதல் 19 வயதுக்காரர்களின் மரணங்களில், 2020-ல் துப்பாக்கி சாலை விபத்தை முந்தி முதலிடத்துக்கு வந்தது. குண்டை எடுத்துவிட்டுத் துப்பாக்கியைப் பூட்டு, குண்டை வேறிடத்தில் பூட்டு என்பதுதான் அந்த ஊர்க் குழந்தை டாக்டர்கள் சொல்வது.

திருடன் சுவரை அறுப்பான், கீலைத் தட்டுவான் என்று 2 வாரம் திருடனுக்காகவே யோசித்தோம். வீட்டுக்குள்ளேயே வளர்கிறவனை யோசிக்கவில்லை. நம் அப்பாக்கள் பீரோ சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்ததும், நாம் முக்காலி போட்டு எடுத்ததும் மறந்தா போச்சு? எனக்கு அகப்பட்டது சில்லறைக் காசு. அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாள் மாப்பிள்ளை அந்தப் பூட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார். துப்பாக்கியில் குண்டு இல்லை. பெட்டகத்துக்குப் புது நம்பர், அவருக்கு மட்டும் தெரியும். குண்டுகள் வேறு பெட்டியில், சாவி தங்கையிடம். ஆக, இனி அந்தத் துப்பாக்கி வெடிக்க வேண்டுமானால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே விஷயத்தில், ஒரே நேரத்தில் ஒத்துப்போக வேண்டும். அதற்குமேல் பாதுகாப்பு உலகத்தில் கிடையாது. மிச்ச இடத்தில் பட்டுப் புடவைகள் திரும்பிவிட்டன.

சென்னை திரும்பியதும் முதல் வேலையாக, யாருக்கும் சொல்லாமல் என் ஏ.டி.எம். கார்டு நம்பரையும் செல்போன் நம்பர் பூட்டையும் மாற்றினேன்.

மறுநாள் காலை என் மகள் கேட்டாள்: "ஏம்ப்பா ரெண்டையும் மாத்தினே? பழசே நல்லா இருந்துச்சே!"