ஆயிரம் பேரை வீழ்த்தும் வாள்

'சாமுராய் வாரியர்ஸ்' என்னும் வீடியோ விளையாட்டை உங்களுள் சிலர் ஆடியிருப்பீர்கள். சிலர் ஆடுபவரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருப்பீர்கள். ஜப்பானின் கோயி நிறுவனம் 2004-ஆம் ஆண்டு வெளியிட்டது இது. கதை நடப்பது 16-ஆம் நூற்றாண்டு ஜப்பானில். குறுநிலத் தலைவர்கள் ஓயாமல் தமக்குள் போரிட்ட காலம் அது. ஆடுபவர் ஒரு தளபதியாகி, பகைவர் கூட்டத்துள் புகுந்து ஆயுதத்தைச் சுழற்றுகிறார். ஒரே வீச்சில் பத்துப் பேர் பறக்கின்றனர். வீழ்ந்தவர் தொகை திரையில் ஏறிக்கொண்டே போகிறது; ஒரு போரில் ஆயிரத்தையும் தொடலாம்.

வெட்டும் குத்தும் இருப்பதால் பெற்றோர் இதை வெறுக்கின்றனர். என் குறை வேறு. இந்த விளையாட்டில் எப்பொருளுக்கும் நிறை இல்லை!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாமுராயின் வாள் சுமார் 1 கிலோகிராம் இருக்கும். அது வினாடிக்கு 10 மீட்டர் திசைவேகத்தில் வருவதாகக் கொள்வோம். அந்த உந்தம் முழுவதும் 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவனுக்கே போய்ச் சேர்ந்தாலும் அவன் பெறும் திசைவேகம் வினாடிக்குச் சுமார் 17 சென்டிமீட்டர்தான். பத்துப் பேருக்குப் பங்கிட்டால் 2 சென்டிமீட்டர்கூட இல்லை. வீசுபவரின் கைவலிமையைச் சேர்த்து இதைப் பத்து மடங்காக்குங்கள். அப்போதும் அவர்கள் தள்ளாடுவார்களே தவிரப் பறக்கமாட்டார்கள். வாளோ முதல் ஆளிடமே தன் வேகத்தைப் பெரிதும் இழந்திருக்கும்.

"விளையாட்டுதானே ஐயா, கதைக்குக் கால் உண்டா?" என்பீர்கள். பாட்டி சொன்ன கதையிலும் ஆயிரம் பேரைக் கொன்ற வீரன் இருந்தான், உண்மைதான். ஆனால் அங்கே நாம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தோம். இங்கே விரல் பொத்தானை அழுத்துகிறது. விளைவைக் கண் உடனே காண்கிறது. ஏறக்குறைய ஒரு சோதனை செய்வதைப் போன்றது இது. பொய்யான சோதனையை ஆயிரம் முறை செய்தால் என்ன ஆகும்? என் முதலாண்டு வகுப்பில் உந்தக் கணக்கின் சரியான விடையைக் கண்டுவிட்டு, "இவ்வளவு குறைவாகவா வரும்?" என்று அதை அடித்துவிடும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கூட்டல் கழித்தலில் பிழையில்லை. மனத்தில் பதிந்த உலகம்தான் பிழை.

அந்தக் காலத்தின் உண்மையான வியப்பு கொல்லுப்பட்டறையில் இருந்தது. ஜப்பானிய வாள் ஏன் வளைந்திருக்கிறது? கொல்லர் வாளின் முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும், கூர்விளிம்பில் மெல்லியதாகவும் பூசி, பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்ப்பார். விளிம்பு சட்டென்று குளிர்ந்து மார்ட்டென்சைட் என்னும் கடினமான அமைப்பைப் பெறுகிறது. மெதுவாகக் குளிரும் முதுகு மென்மையாகவே இருக்கிறது. மார்ட்டென்சைட்டுக்குக் கன அளவு கூடுதல். ஆகவே விளிம்பு நீள, வாள் முதுகுப்பக்கமாக வளைகிறது. இரட்டை உலோகப் பட்டையில் அதிகம் விரியும் உலோகம் வெளிப்புறம் அமைவதைப் படித்திருக்கிறீர்கள் அல்லவா? ஏறக்குறைய அதே கதைதான்.

துப்பாக்கியின் கதை இன்னும் சுவையானது. 1543-இல் தனேகாஷிமா தீவுக்கு வந்த போர்த்துக்கீசியரிடமிருந்து தீவின் தலைவர் இரண்டு திரித் துப்பாக்கிகளை வாங்கினார். அவற்றைப் போலச் செய்ய முயன்ற உள்ளூர்க் கொல்லருக்குக் குழலை அடிக்கத் தெரிந்தது. அதன் பின்முனையைத் திருகால் அடைக்கும் வித்தை பிடிபடவில்லை. குழலின் உட்புறத்தில் மரை வெட்டுவது அவர் அறியாத வேலை. மறு ஆண்டு வந்த கப்பலில் இருந்த ஓர் அயல்நாட்டுக் கொல்லரிடம் அதைக் கற்றுக்கொண்டாராம். 1575-இல் நாகஷினோ போர்க்களத்தில் ஓடா நோபுனாகாவின் படை ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளுடன் நின்றதாகப் பழைய நூல்கள் கூறுகின்றன. அவற்றை ஏந்தியவர்கள் புகழ்பெற்ற சாமுராய்கள் அல்லர். பெரும்பாலும் அஷிகாரு எனப்பட்ட சாதாரணக் காலாட்கள். விளையாட்டில் கூட்டமாக வந்து, நீங்கள் ஒரு பொத்தானைத் தட்டியதும் பறந்து விழுகிறார்களே, அவர்களேதான்!